பாதுகாக்கப்பட்டவர்கள் பட்டியல்

இனி இது நகராதுங்க தம்பி. முன்னாடி லாரி ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால படுத்துட்டுதாமா. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும்னு கண்டக்டர் சொல்றான். எறங்கி நிக்கலாம்னா கதவத் தொறக்க மாட்டேங்கறான், ஏசி போயிருமாம். ஜன்னலும் தொறக்காத கண்ணாடி. சரி விடுங்க, பேசிட்டு இருப்போம். நீங்க கம்ப்யூட்டர் வேலையுங்களா? அந்தப் பையப் பாத்தாலே தெரியுதே. உங்க கம்பெனியில யூனியன் உண்டுங்களா? பாத்தீங்களா, சிரிக்கறீங்க. இந்தக் கேள்வியக் கேட்டா உங்க வயசுல எல்லாரும் சிரிக்கறீங்க. எம்பட புள்ளயும் சிரிக்கும். இப்பச் சிரிக்கறதில்ல, அது வேற விசயம்.

எம் பேரு சென்னியப்பனுங்க. கோயமுத்தூர்ல மில்லுல வேலை பாத்தவன். இருவத்திரண்டு வருசம் மில்லு, நாப்பத்தஞ்சு வருசம் யூனியன். கணக்கு இடிக்குதேன்னு பாக்கறீங்களா? மில்ல மூடிப்போட்டாங்க. யூனியன மூடல. யாரு மூடறது, சாவி எங்கிட்டத்தான இருக்குது. மாடியில ஒரு ஹாலு, மூணு ஃபேனு, பின்னால ஒரு கக்கூஸ். மெம்பர் பதினோரு பேரு, எல்லாருமே என்னைவிட மூத்தவங்க. தலைவர் ஆறுச்சாமிக்கு ரெண்டு காதும் கேக்காது. அதனால தீர்மானம் எல்லாம் ஒருமனதா நிறைவேறீருமுங்க.

எம் புள்ள எங்கூடப் பேசி நாலு மாசமாச்சு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியல. நீங்க மூணாம் மனுசர். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

புள்ளைக்கு ஜென்னின்னு பேரு வெச்சேன், மார்க்ஸோட சம்சாரம் பேரு. பி.ஈ. படிச்சுது. மொதல்ல போன கம்பெனிய மூடிட்டாங்க, ரெண்டாவது கம்பெனியில பாதிப் பேர நிறுத்திட்டாங்க. அப்புறம் ஸ்கூட்டிய எடுத்துட்டு, போன்ல சாப்பாடு சொல்றவங்களுக்குக் கொண்டு போய்க் குடுக்கற வேலைக்குப் போயிருச்சு. நான் அதுக்கு ஒத்துக்கவே இல்லீங்க. ஆனா வீட்டுச் செலவு அதுதான் பாக்குது. எனக்கு மில்லு பாக்கி வரோணும், கேசு நடக்குது. வந்துருச்சுன்னா புள்ள இப்படி அலைய வேண்டியதில்ல. இருவத்தஞ்சு வருசமா இந்த மாசம் அடுத்த மாசம்னு இருக்குது.

போன கோடையில ஒரு மத்தியானம் ஜென்னி நாலு பொம்பளப் புள்ளைகளக் கூட்டிட்டு யூனியன் ஆபீசுக்கு வந்துச்சு. எல்லாம் அந்த வேலை பாக்கறவங்க. "அப்பா, பாத்ரூம் சாவி குடுங்க"ன்னுது. காலையில ஏழு மணிக்குக் கெளம்புனா ராத்திரி வரைக்கும் ஒதுங்க எடமில்லீங்களாமா. ஓட்டல்ல விட மாட்டாங்களாம், சாப்பாடு வாங்கறதுக்கே பின்வாசல்ல நிக்கச் சொல்றாங்களாம். அதுக்காகத் தண்ணியே குடிக்கறதில்லீன்னு ஒரு புள்ள சொல்லுச்சு. எடுத்துக் குடுத்துட்டேன் சாவிய.

மக்யா நாளே எட்டுப் பேரு வந்தாங்க. ஒரு வாரத்துல பசங்களும் வந்துட்டாங்க. ஃபேனப் போட்டுட்டு உக்காருவாங்க, போனுக்கு சார்ஜ் ஏத்துவாங்க, ஒருத்தனுக்கொருத்தன் வண்டி ரிப்பேர் பாத்துக்குவாங்க. தம்பி, அந்த ஹாலுல ஒம்பது வருசமா புது ஆளு கால் வெச்சதில்லீங்க. எனக்கு எப்படி இருந்துருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் புடிக்கல. மெம்பர்சிப் பாரத்த எடுத்துத் தூசி தட்டி வெச்சேன்.

அவங்கள்ல நவ்ஃபல்னு ஒரு பையன், கரும்புக்கடை ஏரியாக்காரன், நல்ல சூட்டிகை. என்னை அங்கிள்னான். தோழர்னு சொல்லோணும்னேன். சொன்னான். அவங்கிட்ட ஒரு நாளு கேட்டேன், உங்க பிரச்சனையெல்லாம் என்ன, வரிசையாச் சொல்லுன்னு. அவன் சொல்றான், "தோழர், எங்களுக்கு ஒரே பிரச்சனைதான். யாருக்கு எந்த ஆர்டர் போறது, எந்த ரேட்டுல போறதுன்னு அந்த ஃபோனு எப்படி முடிவு பண்ணுதுன்னு எங்களுக்குக் காட்டோணும். அது தெரியாம நாங்க எதைக் கேட்டும் பிரயோசனமில்ல. கூலியக் கூட்டிக் குடுத்துட்டு ஆர்டரக் கொறச்சுருவாங்க."

எனக்கு அது புரியல. உள்ளதச் சொல்றேன். அதனால கோரிக்கை மனுவுல அத விட்டுப்போட்டேன். வழக்கமா இருக்கறத எழுதுனேன். போனஸ், சீருடைப்படி, கேண்டீன் வசதி. ஜென்னி படிச்சுட்டுச் சிரிச்சுது. "நாள் பூராச் சாப்பாடு சுமக்கறவங்களுக்குக் கேண்டீனாப்பா?"ன்னுது. ஏன், சுமக்கறவனுக்குப் பசிக்காதா?

அப்புறம் கேட் மீட்டிங் போடலாம்னேன். போராட்டம்னா மொதல்ல கேட் மீட்டிங்தானுங்க, ஷிப்டு விடற நேரத்துல கேட்டுல நின்னு பேசோணும். நவ்ஃபல் கேட்டான், "எந்தக் கேட்டுல தோழர்?"னு. அந்தச் சாப்பாட்டுக் கம்பெனி ஆபீசு பெங்களூர்லயாம். இங்க ஒரு பேர்பலகைகூட இல்லீங்களாமா.

அவங்களா ஒண்ணு பண்ணிட்டு இருந்தாங்க. அதையும் சொல்லிப்போடறேன். வெள்ளிக்கெழமை மழை வந்துச்சுன்னா ஆர்டர் நெம்ப வரும். அன்னிக்கு ஏதோ ஒரு ஏரியாவுல, அரை மணி நேரம், ஒருத்தருமே ஆர்டர் எடுக்க மாட்டாங்க. யாரும் கூட்டம் போடல, யாரும் சொல்லல. வண்டி பின்னாடி ரிப்பனக் கட்டியிருந்தா அன்னிக்கு எடுக்கலீன்னு அர்த்தம். அரை மணி நேரத்துல ரேட்டு தானா ஏறிக்குமாம். ரெண்டு மூணு தடவ பலிச்சிருக்குது. கம்பெனிக்கு யாரு பண்ணுனாங்கன்னும் தெரியல, எதுக்குன்னும் தெரியல. நவ்ஃபல் பெருமையாச் சொன்னான்.

நான் சத்தம் போட்டேனுங்க. இது போராட்டமாடா? தலைவர் இல்ல, தீர்மானம் இல்ல, நோட்டீசு இல்ல, கோசமில்ல. மூஞ்சியக் காட்டாமப் பண்ணுனா அது களவாணித்தனம்டான்னேன். ஜென்னிக்குக் கோவம் வந்துருச்சு. "அப்பா, எங்களுக்குன்னு புதுசா ஒரு வழி யோசிச்சுட்டு இருக்கறோம். உங்க மில்லுக்கு ஒரு கேட்டு இருந்துச்சு, ஒரு மொதலாளி இருந்தான், ஒரு சட்டம் இருந்துச்சு. எங்களுக்கு அது எதுவுமில்ல. நாங்க இனிமேத்தான் கண்டுபுடிக்கோணும். அது முடியறதுக்குள்ள எங்களப் பழசுக்குள்ள தள்ளிவிட்றாதீங்க"ன்னுது.

புதுசா யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? யோசிக்க வேண்டியதையெல்லாம் நூத்தம்பது வருசத்துக்கு முந்தியே யோசிச்சு எழுதி வெச்சாச்சு. நாம படிச்சு நடந்தாப் போதும். இதச் சொன்னேன். அது எந்திரிச்சுப் போயிருச்சு.

இதுலதான் பட்டியல் விசயம் வருது. நல்லாக் கேட்டுக்குங்க. தொழிற்தகராறுச் சட்டத்துல ஒரு ஏற்பாடு உண்டுங்க. யூனியன் நிர்வாகிகள் பேர வருசா வருசம் நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்துப்போட்டா, பாதுகாக்கப்பட்ட தொழிலாளின்னு பேரு. அதிகாரிகிட்ட அனுமதி வாங்காம நிர்வாகம் அவங்க மேல கை வைக்க முடியாது. தொண்ணூத்தி ஒண்ணுல எங்க மில்லுல ஒம்பது பேரு குடுத்தோம். எம் பேரு மூணாவது. அந்த வருசம் மேனேஜர் கண்ணுல விரல விட்டு ஆட்டுனனுங்க. பல்லக் கடிச்சான், அவ்வளவுதான், தொட முடியல. பேரு குடுக்கறதுன்னா சும்மா இல்லீங்க. பேரக் குடுத்தாத்தான் பாதுகாப்பு. அப்புறமேலுக்கு மில்லயே மூடி ஒம்பது பேரையும் மத்தவங்களோட சேத்து வீட்டுக்கு அனுப்பிச்சாங்க, அது வேற விசயம்.

இந்தப் பசங்களுக்கும் அந்தப் பாதுகாப்ப வாங்கிக் குடுக்கோணும்னு எனக்கு ஆசை. பாரத்தக் குடுத்தா ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். பேரு வேண்டாந்தோழர், நம்பர் வேண்டாந்தோழர்னு நழுவறாங்க. ஜென்னியும், "பேரு மட்டும் கேக்காதீங்கப்பா"ன்னுது. பயம் தம்பி. பயந்த தலைமொறை. நான் என்ன பண்ணுனேன்னா, பைலா புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன். சங்கத்தோட வசதிய மெம்பர்தான் அனுபவிக்கலாம்னு பதினாலாவது விதியில தெளிவா இருக்குது. நான் எழுதுனதில்ல, அம்பத்தெட்டுல எழுதுனது. கக்கூஸப் பூட்டிப்போட்டேன். மெம்பருக்குத்தான் சாவின்னுட்டேன்.

ஏனுங் தம்பி அப்படிப் பாக்கறீங்க? விதின்னா விதிதானுங்க. கல்லு மனசுன்னு நெனச்சுராதீங்க.

மூணு நாளு யாரும் வரல. நாலாவது நாளு, அந்தத் தண்ணி குடிக்கறதில்லீன்னு சொன்ன புள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்து காச்சலே வந்துருச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஜென்னி வந்து பாரத்த வாங்கி மொத கையெழுத்துப் போட்டுச்சு. அதப் பாத்துட்டு மத்தவங்களும் போட்டாங்க. மொத்தம் நாப்பத்தொரு பேரு. சட்டப்படி நூத்துக்கு ஒருத்தர், கொறஞ்சது அஞ்சு பேருன்னுதான் இருக்குது. நான் மனசு கேக்காம நாப்பத்தொரு பேரையும் எழுதுனேனுங்க. அஞ்சு பேருக்கு மட்டும் பாதுகாப்பு, மத்தவங்க தெருவுல நிக்கறதான்னு. பேரு, போட்டோ, கம்பெனி குடுத்த ஐடி நம்பர், வண்டி நம்பர். ரெண்டு நாளு உக்காந்து எங்கையாலயே எழுதுனேன். ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது.

பதிவுத் தபால்ல பெங்களூருக்கு அனுப்பிச்சேன், ஒப்புதல் அட்டையோட. நாலாவது நாளே அட்டை திரும்பி வந்துருச்சு, ரப்பர் ஸ்டாம்பு குத்தி. எனக்கு உச்சி குளுந்து போச்சுங்க. கம்பெனி நம்மள ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். ஆறுச்சாமிகிட்டக் காட்டுனேன், அவரும் தலையாட்டுனாரு. அன்னிக்குப் பதினொரு மணிக்கு நாப்பத்தொரு போனும் நின்னு போச்சு. உங்க கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்குதுன்னு மட்டும் வந்துச்சாம். காரணம் கெடையாது. கூப்பிட்டுக் கேட்டா ஒரு மிஷினு பேசுது.

ஜென்னி ஆபீசுக்கு வந்து பெஞ்சுல உக்காந்துச்சு. ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. நான் ஓடிப் போய்ச் சொன்னேன், "கவலப்படாத சாமி, நல்ல கேசு கெடச்சிருச்சு. நாப்பத்தொரு பேரு ஒரே நாள்ல! இத விட்டா அவனப் புடிக்க முடியாது"ன்னு. அது என்னையே பாத்துச்சு. "அப்பா, நீங்க சந்தோசப்படறீங்களா?"ன்னுச்சு. அதுதான் தம்பி கடைசி. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு சொல்லு பேசல. சோத்த வெச்சுட்டுப் போயிரும். நான் சாப்பிட்டனா இல்லையான்னு திரும்பிப் பாக்காது. மனசு கெடந்து தவிக்குதுங்க. ஒரே புள்ள.

லேபர் ஆபீசுக்கு ஏழு தடவ போனேன். அங்க இருக்கற அம்மா நல்லவங்கதான். வேலை நியமன உத்தரவு எங்கங்கறாங்க, இல்ல. சம்பளச் சீட்டு எங்கங்கறாங்க, இல்ல. இவங்க தொழிலாளியே இல்லீங்களே ஐயா, பார்ட்னர்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களேங்கறாங்க. பங்காளிய எப்படிங்க வேலைய விட்டு நிறுத்துவான்? இதக் கேட்டேன். அந்தம்மா சட்டப் புஸ்தகத்தத் தள்ளி வெச்சுட்டு, எங்க புஸ்தகத்துல இதுக்கு எடமில்லீங்க, புதுசா யாராச்சும் எழுதுனாத்தான்னுட்டாங்க. அவங்களும் ஜென்னி மாதிரியே பேசுனாங்கன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு.

நவ்ஃபல ஒரு நாளு வழியில பாத்தேன். வண்டிய நிறுத்துனான், மரியாதை கொறையல. "நீங்க கெட்டவரில்ல தோழர். உங்களுக்கு எங்களத் தெரியல, அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் போயிட்டான். கக்கூஸ இப்ப நான் பூட்டறதில்லீங்க. ஆனா யாரும் வர்றதில்ல.

இப்ப எப்படிப் பொழைக்கறாங்கன்னு கேக்கறீங்களா? அதக் கேட்டீங்கன்னா சிரிப்பும் வரும், அழுகையும் வரும். வேற ஆளு பேர்ல கணக்கு தொறந்து ஓட்டறாங்க. ஜென்னி அவங்கம்மா பேர்ல தொறந்திருக்குது. சரசுன்னு எம்பட சம்சாரம். அறுவத்தோரு வயசு. சிக்கல் என்னன்னா, அந்தப் போனு திடீர்னு மூஞ்சியக் காட்டுங்கும். காட்டலீன்னா நின்னுரும். எப்பக் கேக்கும்னு தெரியாது. அதனால சரசு பின்னாடி உக்காந்துட்டே போறா. காலையில ஏழு மணிக்கு ஏறுனா ராத்திரி பத்து மணி வரைக்கும். சாப்பாட்டுப் பைய மடியில வெச்சுட்டு, முட்டிவலியோட. போனு கேட்டா ஹெல்மெட்டக் கழட்டி, முடிய ஒதுக்கி, மூஞ்சியக் காட்டோணும். நடு ரோட்டுல, மழையில, எங்கயானாலும். எனக்கு மத்தியானம் சோறு போட ஆளில்லீங்க. காலையிலயே வடிச்சு மூடி வெச்சுட்டுப் போயிருவா, ஆறிப் போயிரும்.

ஆனா ராத்திரி வந்து அவ பேசுவா. ஜென்னிதான் பேசாது, சரசுவுக்கு வாயி நிக்காது. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருசத்துல பாக்காத கோயமுத்தூர நாலு மாசத்துல பாத்துப்போட்டா. எந்த அப்பார்ட்மெண்டுல லிஃப்டுல ஏத்த மாட்டாங்க, எந்த வாச்மேன் தண்ணி குடுப்பான், எல்லாம் சொல்லுவா. பேச்சுவாக்குல, நவ்ஃபல் தம்பி பேர்ல ஓட்டறான், காச்சல் வந்த புள்ள அக்கா பேர்ல ஓட்டுது, இன்னொருத்தன் பக்கத்து வீட்டு வாத்தியார் பேர்லன்னு எல்லாம் சொல்லிருவா. நான் காலண்டர்த் தாளுக்குப் பின்னால குறிச்சு வெச்சுக்குவேன். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க, ஜென்னி என்னைக் கொன்னுபோடும்"ன்னா. நான் யாருகிட்டயுஞ் சொல்லலீங்க. எழுதித்தான் வெச்சிருக்கேன்.

ஏன்னு கேளுங்க. இதவிடப் பெரிய ஆதாரம் என்னங்க வேணும்? ஒரு அறுவத்தோரு வயசுப் பொம்பள நாள் பூராப் பின்சீட்டுல உக்காந்து மூஞ்சியக் காட்டறா. இதப் பாத்தா எந்த அதிகாரிக்கும் மனசு எளகும். சென்னையில பெரிய ஆபீசுக்குத்தான் இப்பப் போறேன். மனுவுல எல்லாம் வெவரமா இருக்குது. யாரு ஓட்டறது, யாரு பேர்ல ஓட்டறது, புது ஐடி நம்பர், வண்டி நம்பர். முப்பத்தேழு பேரு. மீதி நாலு பேரு ஊரவிட்டே போயிட்டாங்க, அவங்க போன எடம் தெரியல.

ஏனுங் தம்பி? குடுக்க வேண்டாங்கறீங்களா? நீங்களும் அதையே சொல்றீங்க. பேரில்லாம ஒரு மனுவ எப்படிங்க குடுக்கறது? யாருக்காகக் கேக்கறேன்னு சொல்ல வேண்டாங்களா? நானும் யோசிக்காம இல்லீங்க. ஒவ்வொரு ராத்திரியும் யோசிச்சேன். ஒரு பக்கம் பாத்தா எழுதாம இருந்தாலே நல்லதுன்னு தோணுது. ஆனா எழுதாம ஒரு மனுசனுக்கு எப்படி நல்லது பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் விட்டுட்டா நான் அந்த வீட்டுல ஆறிப்போன சோத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கற ஆளு, அவ்வளவுதான். அந்தப் புள்ள பேசோணும் தம்பி. ஜெயிச்சுட்டுப் போனாப் பேசும்.

இல்ல, இல்ல, பையில இருக்கறது மனு மட்டுந்தான், நகல் எங்கிட்ட இல்லீங்க. மனு குடுத்தா எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் அனுப்போணும், அதுதான் முறை. காலையிலயே ஸ்டேசன் தபாலாபீசுல பெங்களூருக்குப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன். நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க, கதவத்தான் தொறக்க மாட்டான்னு சொன்னனே. உக்காருங்க. ஜென்னிகிட்ட இன்னும் சொல்லல, சரசுகிட்டயும் சொல்லல. பட்டியல்ல மொத பேரு சரசுவோடதுதானுங்க. இத்தன வருசத்துல எந்தப் பட்டியல்லயும் அவ பேர நான் சேத்ததே இல்ல. அவளுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாங்களா?